முதல் ஓவரும் முதல் போணியும்



கடைக்குப் புதிதாக வந்த பையனை முதல் நாளிலேயே எடைபோட்டுவிடுவது நம் வழக்கம். கிரிக்கெட் ரசிகர்களும் அப்படித்தான்.

2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 8 கோடியே 40 லட்சத்துக்கு. 2019 மார்ச் 27இல் கொல்கத்தாவில் முதல் ஆட்டம். முதல் ஓவரிலேயே 25 ரன் போயிற்று. எங்கள் முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில் அன்றே "காசு தண்டம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த இரண்டு ஓவரில் அவர் 10 ரன் மட்டுமே கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுத்ததை யாரும் பேசவில்லை. விலை கூடின சரக்கில் கண் குறையைத்தானே தேடும்!

முந்திரிக்கொட்டை வாங்கும்போது நாம் இப்படியா செய்கிறோம்? பல மூட்டையிலும் மாதிரி எடுத்து, கலந்து, உடைத்து, நல்ல பருப்பு வேறு சொத்தை வேறாக நிறுத்த பிறகுதான் விலை பேசுகிறோம்.

அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 4 கோடிக்கு, பாதிக்கும் குறைந்த விலைக்கு, வாங்கியது. 2020இல் 17 விக்கெட். 2025 மார்ச் 2இல் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட்.

என் கடையில் ஒரு பையன் முதல் நாள் 10 கிலோ சீட்டுக்கு 12 கிலோ கட்டிவிட்டான். சாயங்காலமே கணக்குத் தீர்த்து அனுப்பினேன். இன்று அவன் பண்ருட்டியில் ஒரு மண்டிக்குக் கணக்குப்பிள்ளை. விலை நிலவரம் அவனிடம்தான் கேட்கிறேன். இப்போதெல்லாம் புதுப் பையனுக்கு ஒரு மாதம் தருகிறேன். அதில் ஒரு பண்டிகைக் கூட்டமாவது வரவேண்டும். தப்பைத் தினமும் சிட்டையில் குறித்து வைக்கிறேன். ஒரே தப்பு திரும்பினால்தான் கூப்பிட்டுப் பேசுவது.