கமலாம்பாள் சரித்திரமும் என் இருமனமும்

கம்பம் பள்ளத்தாக்கினின்று தேனி, பெரியகுளம் வழியாகத் திண்டுக்கல் செல்வோர் வத்தலக்குண்டைக் கடந்து செல்வர். அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு பிறந்த பி. ஆர். ராஜமையர், நம்மினும் ஓரிரு வயதே மூத்தவராயிருந்த காலத்தில் எழுதத் தொடங்கிய நாவல் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'ப் பத்திரிகையில் அது தொடர்ந்து வெளியாயிற்று. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பது அதன் மற்றொரு பெயர். 1898-இல் ஆசிரியர் இறந்தபொழுது அவருக்குப் பிராயம் இருபத்தாறு.

சிறுகுளம் என்னும் கிராமத்தில் முத்துஸ்வாமி ஐயரின் குடும்பம் செல்வத்தோடு வாழ்கிறது. குழந்தை நடராஜன் காணாமற்போகிறான், செல்வம் அழிகிறது, மனைவி கமலாம்பாள்மீது பழிச்சொல் எழுகிறது. குழந்தை எங்கே என்னும் கேள்வியே நம்மைப் பக்கம் புரட்டச் செய்கிறது. ஆனால் கமலாம்பாள் குற்றமற்றவள் என்பதில் வாசிப்போர்க்குச் சிறிதும் ஐயமில்லை. அவளோடு இத்தனை ஆண்டு வாழ்ந்தவர் அவ்வசையை எங்ஙனம் நம்பினார் என்பதே எனக்கு விளங்காத மர்மம்.

முற்பகுதியைப் போற்றாமலிருக்க எவராலும் இயலாது. ஊர்ப்பெண்டிர் கூடிப் பிறர் கதை பேசும் 'வம்பர் மகாசபை'யை வாசிக்குங்கால், நம் ஊர்க் கிணற்றடியில் நிற்பதுபோலவே தோன்றும். ஒரு வதந்தி வாய்க்கு வாய் வளர்ந்து ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க வல்லது என்பதை ஆசிரியர் போதிக்கவில்லை. அச்சபையைப் பேசவிட்டே காட்டுகிறார். தமிழ்ப்புலவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைக் கண்டு வயிறு குலுங்க நகைத்தேன். நகைத்தபின், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்திருக்கும் என்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

பேயாண்டித் தேவன் என்னும் கள்வன் வரும் பக்கங்கள் வேறு. இந்நூல் வெளிவந்து சில பத்தாண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் குலம் முழுவதும் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டது. 1920-இல் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் சுடப்பட்டனர். 1947-இலேதான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. அக்குலத்தார் பலர் வாழும் நம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் வாசகன் அப்பக்கங்களை வேடிக்கையாக மட்டும் வாசித்தல் அரிது.

என் பெருங்குறை பிற்பகுதியைப் பற்றியது. முத்துஸ்வாமி ஐயர் வீட்டைத் துறந்து, சச்சிதானந்த சுவாமிகளை அடைந்து ஞானம் பெறுகிறார். ஆசிரியரின் வேதாந்தப் பற்று உண்மையானது. பின்னர் 'பிரபுத்த பாரதா'ப் பத்திரிகையை நடத்தியவர் அவர். அந்நெறி என்னுடையதன்று என்பதனால் குறை கூறுகிறேனல்லேன். மத்தேயு சுவிசேஷத்தில் யோசேப்பும் மரியாளை இரகசியமாய் விட்டுவிட நினைத்தவனே. ஆயினும் அவன் புறப்படுமுன் தடுக்கப்பட்டான். ஐயரைத் தடுப்பார் ஒருவருமில்லை. போகுமுன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா? அவருக்கு அமைதி தந்த துறவு அவளுக்கு எத்தனை இரவுகளின் துயரம்! பிரிந்தவர் கூடுகின்றனர், குழந்தையும் அகப்படுகிறான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கியபொழுது முற்பகுதியோடு நிறுத்திக்கொள்வதென்றே தீர்மானித்திருந்தேன். நடராஜன் அகப்படும் இடம் வருமளவும் நூலை மூடிவைக்க மனம் வரவில்லை.