'நார்மல்' ரிப்போர்ட் வந்த பிறகும் மறு சோதனையா?

கேள்வி: டெல்லியில் படிக்கும் என் மகனுக்கு வைவாக்ஸ் மலேரியா. பிரைமாகுயின் ஆரம்பித்த மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்துப் போனது, கண்ணும் மஞ்சளானது. அப்போதே எடுத்த ஜி6பிடி ரத்தப் பரிசோதனை 'நார்மல்'. மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். வீண் செலவுதானே?
— வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இல்லையம்மா, அவசியம் பாருங்கள். சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம் ஜி6பிடி. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்குப் பிரைமாகுயின் ஆகாது என்பது அமெரிக்காவில் 1956-லேயே தெரிந்துவிட்டது. மருந்து பட்டதும் உடைவது என்சைம் வற்றிய முதிய அணுக்கள். மிஞ்சுபவையும், எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பும் இளம் அணுக்களும் என்சைம் மிகுந்தவை. அந்த நேரத்து ரத்தம் குறையை மறைத்துவிடும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான்.

பல லேப்களில் செய்வது ஒளிர்வுச் சோதனை. ரத்தத்தை வேதிக் கலவையில் சேர்த்து, வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒளிர்ந்தால் என்சைம் உண்டு, அவ்வளவே தெரியும். நீங்கள் அளவுச் சோதனையாகக் கேளுங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் என்று வரும். கூடவே ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கையும் பார்க்கட்டும்.

இந்தக் குறை மகனுக்குத் தாய்வழியாகவே வரும். பெண்களின் பாதிக் குறை ஒளிர்வுச் சோதனையில் தப்பிவிடலாம் என்பதால் உங்களுக்கும், மகள் இருந்தால் அவளுக்கும், அளவுச் சோதனையே நல்லது.

அதுவரை டாக்டரைக் கேட்காமல் பிரைமாகுயின், டாப்ஸோன் மருந்துகள் வேண்டாம். அதே காரணத்தால் அலமாரியில் நாப்தலின் உருண்டையும் வேண்டாம். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கித் திரும்பக்கூடியது; மறுபடி காய்ச்சல் வந்தால் இந்த விவரத்தை முதலில் சொல்லுங்கள்.