கீரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலையா? கடிகாரத்தைப் பாருங்க!

"டாக்டர், வாரத்துல மூணு நாள் முருங்கைக்கீரை. தினமும் பேரீச்சம்பழம். பீட்ரூட் ஜூஸ் வேற. ஆனா டெஸ்ட் பண்ணிப் பார்த்தா ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது. நான் இன்னும் என்னதான் சாப்பிடறது?"

எரியோட்டில் என் வைத்தியசாலைக்கு வரும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மில் வேலைக்குப் போகிறவர், காலேஜ் மாணவி, வீட்டைக் கவனிக்கிற இல்லத்தரசி என்ற வித்தியாசமே கிடையாது. பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிக்கிறீங்க?"

"கையைக் கழுவினதும் குடிச்சாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்!" என்பார்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பாதிப் பேருக்கு மேல்!

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, நூறு பெண்களை நிற்க வைத்தால் அதில் ஐம்பத்து மூன்று பேர். சித்த மருத்துவம் இதைப் 'பாண்டு' என்கிறது. கிராமத்தில் 'வெளுப்பு' என்பார்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, கீழ் இமையின் உட்புறம் வெளுத்துப் போவது, நகம் ஸ்பூன் போலக் குழிவது எல்லாம் இதன் அடையாளங்கள். பச்சரிசி, விபூதி, சாம்பல், சாக்பீஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா? "மசக்கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கர்ப்பிணிக்கு ரத்தசோகை இருந்தால், பிரசவத்தில் ஏற்படும் ரத்தப்போக்கைத் தாங்குகிற தெம்பு உடம்புக்கு இருக்காது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சாப்பிடுவது வேறு, சேருவது வேறு

ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லி கிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆண்களுக்கு 19 போதும். மாதவிலக்கில் இழப்பதை ஈடுகட்டத்தான் பெண்களுக்கு அதிகம். 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 4½ மில்லி கிராமும், கம்பில் ஆறு மில்லி கிராமுக்குச் சற்று மேலும் இருக்கிறது.

ஆனால், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் உடம்பில் சேருவதில்லை. மிச்சம் வந்த வழியே போய்விடும். இதைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

டீ செய்யும் வேலை

டீயில் துவர்ப்புச் சத்து அதிகம். துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுத்துவிடும். அந்தக் காலத்தில் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுகிற மை தயாரித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். சந்தேகமா? ஒரு டம்ளர் கெட்டியான கடுங்காபி நிறக் கட்டன் டீயில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மை மாதிரி ஆகியிருக்கும். (பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள், யாரும் குடித்துவிடப் போகிறார்கள்!) இதே வேலைதான் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. ஒட்டிக்கொண்ட இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது.

தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தி 1975-ல் வெளியான ஆய்வு, சோற்று உணவோடு டீ குடித்தால் இரும்பு சேருவது வெகுவாகக் குறைவதைக் காட்டியது. 1983-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கே சொல்லிவிட்டது. சாப்பாட்டோடு காபி குடித்தால் 39 சதவிகிதமும், டீ குடித்தால் 64 சதவிகிதமும் இரும்பு சேருவது குறைந்தது. இன்னொரு சங்கதி: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எதையும் கெடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது!

"நான் பால் நிறைய ஊத்தித்தானே குடிக்கிறேன்?" என்று கேட்காதீர்கள். பால் ஊற்றினாலும் துவர்ப்பின் வேலை நிற்காது. டீயை விடச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

புளிப்பு செய்யும் உதவி

வைட்டமின் 'சி' இதற்கு நேர் எதிர். கீரையில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சும்படி மாற்றித் தருகிறது. கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் சத்து வீணாகும். பச்சை நெல்லிக்காயோ, ஒரு கொய்யாப்பழமோ சாப்பாட்டோடு சேர்ந்தால் ரொம்ப விசேஷம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லி கிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' உண்டு. விலையும் கட்டுப்படியாகும்.

நம் பக்கத்துக் கம்பங்கூழையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். தானியத்தில் 'பைட்டேட்' என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். ஊறவைத்து, புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். முளைகட்டிய பயறும், புளித்த இட்லி மாவும் இந்த வகைதான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கீரையோடு கொஞ்சம் கறியோ மீனோ சேர்த்துக்கொண்டால், கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, அதனால் ரத்தம் ஊறும் என்பது பலரின் நம்பிக்கை. பீட்ரூட்டின் சிவப்பு ஒரு சாயச்சத்து. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லி கிராம் இரும்புகூட இல்லை. பேரீச்சம்பழமும் நல்ல உணவுதான். ஆனால், தினம் இரண்டு பழம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் ஏறும் என்று காத்திருக்க முடியாது.

அதைவிட, பரணில் கிடக்கும் இரும்புச் சட்டியைக் கீழே இறக்குங்கள். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்பான பண்டங்களை அதில் செய்தால், சட்டியின் இரும்பு கொஞ்சம் உணவில் இறங்கும். எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களைவிட ஹீமோகுளோபின் கூடியதாக 1999-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சட்டியைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம் டாக்டர், நம்ம மருந்தே கொடுங்க" என்று சிலர் இரும்பு மாத்திரையை ஒதுக்குகிறார்கள். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் செய்யப் பயன்படும் அன்னபேதிக்கு வேதியியலில் பெயர் ஃபெரஸ் சல்பேட். அரசு தரும் சத்து மாத்திரையில் இருப்பதும் அதே ஃபெரஸ் சல்பேட்தான்! கர்ப்பிணிகளுக்கான மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும், 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பால், டீ, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். செந்தூரமானாலும் மாத்திரையானாலும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

சமையல் மட்டும் போதாத நேரம்

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் சோகை. ஏழுக்குக் கீழே என்றால் எலுமிச்சையும் கீரையும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆணுக்குச் சோகை வந்தால் மூலம், வயிற்றுப்புண், குடலில் ரத்தக் கசிவு எதுவும் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். மாதவிலக்கில் போக்கு அதிகமென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும். செருப்புப் போடுங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள்.

இன்றிலிருந்தே ஆரம்பிக்க...

* சாப்பாட்டுக்கும் டீ, காபிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி.
* கீரையை இறக்கியபின் எலுமிச்சை. சாப்பாட்டோடு நெல்லி அல்லது கொய்யா.
* புளிக்குழம்புக்கு இரும்புச் சட்டி.
* பயறு, தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்துச் சமையுங்கள்.
* மருத்துவர் சொன்ன மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். எண் சரியான பிறகும் சில மாதம் தேவைப்படும்.
* ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

கடைசியாக ஒன்று: வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சக் கீரையை வழித்துச் சாப்பிடுகிற அம்மாக்களே! இருபத்தொன்பது மில்லி கிராம் தேவை உங்களுக்குத்தான். முதல் கரண்டி உங்கள் தட்டில் விழட்டும்.