பதினெட்டு ஆண்டுகள் இருந்த ஒரு மாகாணம்

"நமது நாட்டில் மாகாண சபைகள் எத்தனை?" என்று வாப்பாவிடம் கேட்டேன். "எட்டு" என்றார். எனது பாடப்புத்தகத்தில் ஒன்பது என்றிருக்கிறது. இரண்டும் சரியே. வாப்பா படித்த காலத்தில் வடக்கும் கிழக்கும் ஒரே சபையின் கீழ் இருந்தன.

1987 ஜூலை 29 இல் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் மாகாண சபைகள் வந்தன. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன வடக்கையும் கிழக்கையும் இணைத்தார். திருகோணமலை அதன் தலைநகரானது. நவம்பரில் தேர்தல் நடந்து, 71 உறுப்பினர் கொண்ட சபைக்கு வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்றது. எனினும் 1990 இல் சபை கலைக்கப்பட்டது. அதன்பின் ஆளுநரே நிர்வாகத்தை நடத்தினார்.

இவ்விணைப்பு தற்காலிகமானது. இணைந்திருக்க விருப்பமா என்று கிழக்கு மாகாணத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களிடம் 1988 டிசம்பர் 31 இற்குள் சர்வசன வாக்கெடுப்பு மூலம் கேட்க வேண்டும் என ஒப்பந்தம் கூறியது. அதைப் பிற்போடும் அதிகாரமும் ஜனாதிபதிக்கு இருந்தது. ஆண்டுதோறும் பிற்போடப்பட்ட அந்த வாக்கெடுப்பு இறுதிவரை நடைபெறவேயில்லை.

ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் ஓய்ந்த பின்னரே இணைக்கலாம் என்பது மாகாண சபைகள் சட்டத்தின் நிபந்தனை. அந்நிபந்தனை அவசரகால ஒழுங்குவிதி மூலம் மாற்றப்பட்டிருந்தது. 2006 ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லுபடியற்றது எனத் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்களாயின.

இணைப்பு நல்லதா, பிரிவு நல்லதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் இணைத்தபோதும் பிரித்தபோதும் அம்மண்ணில் வாழ்பவர்களின் வாக்கு கேட்கப்படவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஊவாவில் வாழும் நமக்கு இது அந்நியமான கதையல்ல. 1833 இல் ஆங்கிலேயர் வகுத்த ஐந்து மாகாணங்களில் ஊவா இல்லை. 1886 இல்தான் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணம் உருவானது. அன்றும் மக்களிடம் கேட்டு எல்லை வரையப்படவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நமது தோட்டங்களில் உழைத்த மக்கள் நாடற்றவர்களானபோதும் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு எனக்குப் பதினெட்டு வயதாகிறது. வாக்காளர் இடாப்பில் என் பெயரும் சேரும். கிழக்கு மக்களுக்கு வாக்களிக்கப்பட்டும் கிடைக்காத அந்த ஒரு வாக்குச்சீட்டை எண்ணும்போது, எனது வாக்கின் பெறுமதி எனக்குப் புரிகிறது.

- உயர்தர கலைப்பிரிவு மாணவி