விசில் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடு

தங்கச்சி, ஸ்கூலுக்குப் போறது ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு ரெண்டு வாண்டுங்க இருந்தாலே கை ஒழியாது. அதுல பெரியவனுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சுட்டா யோசனை சொல்ல சொந்தபந்தமே திரண்டு வந்துடும். நான் நிறைய சொல்லப்போறதில்ல. வீட்டுல எது நடக்கப்போனாலும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடு. என் மகனுக்கு மீசை அரும்பியாச்சு. இன்னைக்கும் எங்க வீட்டுல "மிக்ஸி போடப்போறேன்"னு குரல் கொடுக்காம யாரும் சுவிட்சுல கை வைக்கிறதில்ல.

இந்தப் பிள்ளைங்கள்ல பல பேருக்குச் சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாமே நம்மைவிட ரொம்ப அதிகமா உறைக்கும். சில பேருக்கு நேர்மாறு, அவங்களே சத்தத்தைத் தேடிப் போவாங்க. உன் பையன் எந்த ரகம்னு கொஞ்ச நாள் கூர்ந்து பாரு. காதைப் பொத்துறவன்னா குக்கர்ல இருந்தே ஆரம்பி. வெயிட்டைப் போடும்போதே அவனைக் கூப்பிட்டு, "மூணு விசில் வரும், அப்புறம் அணைச்சிடுவேன்"னு மூணு விரலைக் காட்டு. ஒவ்வொரு விசிலுக்கும் அவன் ஒரு விரலை மடக்கட்டும். மூணாவது மடங்கினதும் அடுப்பை அணைச்சிடு. பருப்பு வேகலையேன்னு நாலாவதுக்கு விட்டியோ, நாளையில இருந்து உன் விரலை அவன் நம்பமாட்டான். அந்தப் பருப்பு நாலு கேட்கும்னா முதல்லயே நாலுன்னு சொல்லிடு.

வாயால சொல்றது காத்தோட போயிடும், அதனால படமாவும் காட்டு. நெட்ல கிடைக்கிற கார்ட்டூன் பிரஷ் வேண்டாம். அவனோட பிரஷ், உங்க பாத்ரூம் வாளி, அவன் சாப்பிடுற தட்டு, அவன் ஏறுற வேன், இதையெல்லாம் போன்ல எடுத்து பாஸ்போர்ட் சைஸ்ல பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிக்கோ. தையல் சாமான் கடையில வெல்க்ரோ மீட்டர் கணக்குல கிடைக்கும். போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டை இருக்கே, சாமி படம் போட்டது, அதைத் திருப்பிப் போட்டு படங்களை மேலிருந்து கீழா ஒட்டு. முடிஞ்ச வேலையோட படத்தை அவனே பிச்சு ஒரு பழைய டப்பாவுல போடணும். எடுத்த எடுப்புல நாள் முழுக்கப் பட்டியல் போட்டா ரெண்டு பேருமே மலைச்சுப் போவீங்க. எழுந்ததுல இருந்து குளிக்கிற வரைக்கும் மூணு படம் போதும்.

தீபாவளிக்கு ஒரு வழி சொல்றேன். பட்டாசுக்குத் தமிழ்நாட்டுல அரசு அனுமதிக்கிற நேரம் காலைல 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8. ஊரு அதை எங்க மதிக்குதுன்னு நீ சிரிப்பே. ஆனாலும் அந்த ரெண்டு மணி நேரத்தை அட்டையில போட்டு வை. அந்த நேரத்துல உள் ரூம், ஃபேன் சத்தம், காதுக்கு இயர்மஃப். கல்யாணத்துக்குப் போனா வாசலை ஒட்டி உட்காரு, கெட்டிமேளத்துக்கு முன்னாடி அவனை வெளியே கூட்டிட்டு வந்துடு. தாலி கட்டுறதை வீடியோவுல பார்த்துக்கலாம். பெரியம்மா, சித்திங்ககிட்ட "அவனா வந்தா தூக்குங்க, நீங்களா தூக்காதீங்க"ன்னு போன்லயே சொல்லிடு. "எப்போ பேசுவான்?"னு கேட்கிறவங்களுக்கு நின்னு விளக்கம் சொல்லிட்டிருக்காதே, சாம்பார் ஆறிடும்.

முடி வெட்ட ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போகாதே. செவ்வாய் பெரும்பாலும் கடை இருக்காது. புதன், வியாழன் மத்தியானம் காலியா இருக்கும். ஒருநாள் அப்பாவுக்கு வெட்டுறதை மட்டும் பார்த்துட்டு வரட்டும். அடுத்த தடவை கத்தரி மட்டும், மிஷின் வேண்டாம். தண்ணி ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னாடி கையில கொஞ்சம் அடிச்சுக் காட்டச் சொல்லு.

இவ்வளவு செஞ்சும் திடீர்னு கரண்ட் போகும், வேன் வராது, அவன் தரையில விழுந்து கத்துவான். அந்த நேரத்துல புத்தி சொல்லாதே, கேள்வி கேட்காதே. அடிபடாம பார்த்துக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு பக்கத்துல உட்காரு. அது அடம் இல்ல, தாங்கமுடியாமத்தான் கத்துறான்.

காகிதமெல்லாம் அவசரம் வர்றதுக்கு முன்னாடியே தயாரா இருக்கணும். 1995-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசம் இல்லவே இல்ல. 2016 சட்டத்துல இருக்கிற 21 வகை மாற்றுத்திறன்ல இதுவும் ஒண்ணு. அதனால மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டுக்கு இப்பவே ஆன்லைன்ல விண்ணப்பிச்சிடு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டா விவரம் சொல்லுவாங்க. 40 சதவீதமோ அதுக்கு மேலேயோ பாதிப்புன்னு சான்றிதழ் இருந்தா 6 வயசுல இருந்து 18 வரைக்கும் பக்கத்து ஸ்கூல்லயோ சிறப்புப் பள்ளியிலயோ இலவசமா படிக்கிற உரிமையை அந்தச் சட்டம் தருது. நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா இன்ஷூரன்ஸ் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கு, தெரபி செலவும் அதுல சேரும். சென்னைப் பக்கம்னா ஈசிஆர்ல முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமே இருக்கு. "ஆறு மாசத்துல குணமாக்கிடுவோம்"னு போர்டு மாட்டுறவங்ககிட்ட பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதே.

கடைசியா சின்னவ. அண்ணன் கத்தும்போது அவளும் மிரண்டுதான் போறா. "அண்ணனுக்குக் காது வலிக்குது, உன்மேல கோபமில்ல"ன்னு ரெண்டு வயசுக்குப் புரியுற மாதிரி சொல்லு. "அண்ணனைப் பார்த்துக்கோ"ன்னு மட்டும் சொல்லிடாதே, அது உன் வேலை, அவ வேலை இல்ல. அவன் அட்டையை அவளும் பிடுங்குவா; அதனால அவளுக்கும் ஒரு படம் ஒட்டு, நீயும் அவளும் சேர்ந்து இருக்கிறது. அந்தப் படத்தோட முறை வந்ததும் பதினஞ்சு நிமிஷம் பெரியவனை அப்பாகிட்டயோ பாட்டிகிட்டயோ விட்டுட்டு, அவ என்ன விளையாட்டு சொல்றாளோ அதை விளையாடு. போன் வேற ரூம்ல இருக்கட்டும். தெரபி சென்டர்ல இருந்து கூப்பிட்டாலும் அப்புறம் பேசிக்கலாம்.