‘டிட் நாட் வென்ட்’டுக்குத் தமிழ் பொறுப்பல்ல

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரு நாள் காலை ஒரு லீவு லெட்டர் கைமாறிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் எழுதியது. “ஐ டிட் நாட் வென்ட் டு டியூட்டி” என்று முதல் வரி. பெரியவர் ஒருவர் அதை உரக்கப் படித்துச் சிரித்தார். “தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதினா இப்படித்தான் தம்பி வரும்” என்றார். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

ஆங்கிலத்தில் பிழை வந்தால் தாய்மொழிதான் குற்றவாளி என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. இந்தப் பிழையைப் பொறுத்தவரை அது அபாண்டம். “போனேன்” என்பதை மறுக்கும்போது “போகவில்லை” என்கிறோம். “போனவில்லை” என்று பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லாது. “இல்லை” வந்து ஒட்டியதும் வினை தன் இறந்தகால உருவைக் கழற்றிவிட்டு வெறும் “போக” என்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். காலத்தை “டிட்” சுமந்துகொள்கிறது. “வென்ட்” மறுபடி “கோ” ஆகிறது. சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஊர் எங்களுடையது. பல வீடுகளில் இன்றும் தெலுங்குதான். அங்கேயும் “போயானு” என்பது மறுப்பில் “போலேது” ஆகிவிடும். இரண்டு மொழிகளும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்திருக்கின்றன. பையனைக் கெடுத்தது “கோ, வென்ட், கான்” என்று வாய்ப்பாடு போல நெட்டுருப் போடவைத்த அட்டவணை என்பது என் சந்தேகம். இறந்தகாலமா, இரண்டாவது கட்டத்தில் இருப்பதை எடுத்துப் போடு என்று மனம் பழகிவிடுகிறது. (“போனதில்லை” வேறு சங்கதி. அது ஒருநாளும் போகாததைச் சொல்வது; அங்கே “ஹேவ் நெவர் கான்” வரும்.)

தமிழ் உண்மையிலேயே கைவைக்கும் இடம் வேறொன்று. சிரித்து முடித்த பெரியவர் என் பக்கம் திரும்பி, “யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு திருத்தணி” என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. “நேத்து திருத்தணி போயிருந்தேன்” என்பதன் அச்சு அது. ஆங்கிலத்தில் “ஹேட்” வர வேண்டுமானால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று கதையில் இருக்க வேண்டும்: நான் வருவதற்குள் பஸ் கிளம்பியிருந்தது என்பதுபோல. சும்மா போய்வந்ததற்கு “வென்ட்” போதும்.

“லை, லே” குழப்பம் நமக்கு மட்டும்தான் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் தினமும் வழுக்குகிறார்கள். நமக்கோ கையில் ஒரு சாவி இருக்கிறது: தன்வினை, பிறவினை. “லை” என்றால் தானே கிடப்பது, “லே” என்றால் ஒன்றைக் கிடத்துவது. எழு, எழுப்பு போல “ரைஸ்”, “ரெய்ஸ்”. விழு, வீழ்த்து போல “ஃபால்”, “ஃபெல்”. மரத்தை வெட்டிச் சாய்ப்பதை அவர்கள் “ஃபெல்” என்பது இந்த வழியில்தான். வம்பு எங்கே என்றால், கிடப்பதற்கான “லை”யின் இறந்தகாலமும் “லே”தான். கிடத்துவதன் இறந்தகாலம் “லெய்ட்”. போதாக்குறைக்குப் பொய் சொல்வதற்கும் ஒரு “லை”, அதற்கு “லைட்”. இதில் தடுக்கி விழாதவர் யார்?

வினை வடிவங்கள் கல்லில் வெட்டியவை என்பதும் சரியல்ல. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் “ஹெல்ப்” என்பதற்கு “ஹோல்பன்” என்ற வடிவம் இருக்கிறது. இன்று எழுதினால் சிவப்பு மை விழும். “கெட்” என்பதன் “காட்டன்” வடிவத்தை அமெரிக்கத் தப்பு என்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்த அந்தப் பழைய வடிவத்தை அமெரிக்கா வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நம் இலக்கணிகள் இதற்கு வழுவமைதி என்று ஓர் அறையே ஒதுக்கினார்கள். “நாளைக்கு வர்றேன்” என்பதில் எதிர்காலத்துக்கு நிகழ்காலம் வருகிறது. வழுதான், ஆனாலும் அமைதி.

பிழையை நாலு பேர் முன்னால் சொன்னால்தான் உறைக்கும் என்பார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, ஆங்கிலத்தில் யாரையும் திருத்தும் தகுதி உள்ளவர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு அதை வரிவரியாகச் செப்பனிட்டவர் சாஸ்திரி. தன் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. முன்னுரையில் தேசாய் அவரை மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டும் குறிப்பிட்டு நன்றி சொல்லி நிறுத்திக்கொண்டார்.

டீக்கடையில் அந்த லெட்டர் இன்னும் இரண்டு பெஞ்சு தாண்டிப் போயிற்று. பையன் கைக்குத் திரும்பி வந்தபோது ஓரத்தில் டீக்கறை. “வென்ட்” அப்படியே இருந்தது.