பட்டினி போட்டால் கட்டி சாகுமா?

கேள்வி: என் அண்ணிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. சோறு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்தே செத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்ல, அண்ணியும் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இது சரியா, டாக்டர்?

பதில்: சரியில்லை. அண்ணியை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். உணவைக் குறைத்தாலும் ரத்தத்தில் சர்க்கரை எளிதில் வற்றாது; தசையைக் கரைத்தாவது கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். இளைப்பது நோயாளிதான்.

தவிர, கட்டிக்குப் பட்டினி புதிதல்ல. அது வளரும் வேகத்துக்கு ரத்த நாளங்கள் ஈடுகொடுப்பதில்லை. உட்பகுதியில் ஆக்சிஜனுக்கும் குளுக்கோஸுக்கும் எப்போதும் பற்றாக்குறைதான். பல செல்கள் அங்கேயே மடிகின்றன. மற்றவை பிழைப்பதற்கு ஒரு காரணம், இஇஎஃப்2 கைனேஸ் என்ற நொதி.

செல்லின் பெருஞ்செலவுகளில் ஒன்று புரதத் தயாரிப்பு. ஒரேயொரு அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்கவே 4 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகும். ஒரு புரதத்துக்கு நூற்றுக்கணக்கில் கோக்க வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோக்கும் ரைபோசோமை ஒவ்வொரு படியாக நகர்த்துவது இஇஎஃப்2 என்ற புரதம். ஆற்றல் குறைந்ததும் ஏஎம்பிகே என்ற இன்னொரு நொதி இந்தக் கைனேஸை முடுக்கிவிடும். கைனேஸ் இஇஎஃப்2-இன் 56-ஆவது இடத்திலுள்ள திரியோனினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். பிறகு இஇஎஃப்2-ஆல் ரைபோசோமைச் சரியாகப் பற்ற முடியாது. அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைத்த மாதிரி, தயாரிப்பு மந்தமாகி ஆற்றல் மிச்சமாகும்.

2013-இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் தலைமையில் 'செல்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. இந்த நொதி இல்லாத செல்கள் பட்டினியில் செத்தன. நொதி மிகுந்தவை தாக்குப்பிடித்தன. நூற்புழுக்களிலும் அதே கதை.

அப்படியானால் நொதியை முடக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். எலிகளின் குடல் கட்டியை ராபமைசின் மருந்து ஒடுக்குவதற்கு இதே நொதி தேவைப்படுகிறது என்று 2015-இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே தயாரிப்பு மந்தமாவதுதான் கட்டியைத் தடுக்கிறது! எந்தக் கட்டி, எந்தக் கட்டம் என்று பாராமல் கைவைக்க முடியாது. தடுப்பான்கள் இன்னும் ஆய்வகத்தில்தான்; மருந்துக்கடைக்கு எதுவும் வரவில்லை.

அண்ணிக்குக் குமட்டலோ வாய்க்கசப்போ இருந்தால் மூன்று வேளையை ஆறாகப் பிரித்து, முட்டை, பருப்பு, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நீரிழிவு இருந்தால் மட்டும் சர்க்கரையின் அளவை அவருடைய மருத்துவர் முடிவுசெய்யட்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.